சேர்த்துச் சோதித்தோம், தனியாக வெளியிட்டோம்

ஒரு பெரிய மென்பொருளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் போக்கில் ரிலீஸ் செய்யலாம் என்று உங்கள் டீமில் பேச்சு எழுந்திருக்கிறதா? வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்தோம். நல்ல முடிவுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நடுவில் ஒரு தீபாவளி சமயம் முழுக்க நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது. அப்போது எங்களுக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றித்தான். பிரித்த பிறகு பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களை எப்படிக் கடப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை.

எங்களுடையது மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். சென்னையில் இருந்து செய்கிறோம், பெரும்பாலும் சின்ன ஊர்களில் இருக்கும் கடைகள்தான் வாடிக்கையாளர்கள். கடை கவுண்டரில் ஒரு அப்ளிகேஷன் இருக்கும். அதற்குப் பின்னால் சர்வரில் பில்லிங், ஸ்டாக், வரிக் கணக்கு, கொள்முதல், ரிப்போர்ட் என்று பகுதிகள். நான் பில்லிங் டீமின் லீட். ஸ்பிரிண்ட், அதாவது ஒரு சுற்று வேலை, இரண்டு வாரம் என்று வைத்திருந்தோமே தவிர, கடைக்காரர் கையில் எதுவும் இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்ததில்லை. எல்லாப் பகுதிகளும் ஒரே பில்டாக, ஒன்றாகக் கட்டிய ஒரே தொகுப்பாகத்தான் வெளியே போகும். ரிப்போர்ட்டில் ஒரு பிழை இருந்தால் பில்லிங்கில் முடித்த வேலையும் காத்திருக்கும். 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடிய 17 மென்பொருள்காரர்கள் எழுதிய அஜைல் அறிக்கையின் கொள்கைகளில், ஓடும் மென்பொருளைச் சில வாரங்களுக்கு ஒருமுறையோ சில மாதங்களுக்கு ஒருமுறையோ கொடுங்கள், முடிந்தவரை குறுகிய இடைவெளியில் கொடுங்கள் என்று இருக்கிறது. நாங்கள் அந்த நீளமான முனையிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

அதனால் பிரித்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரெப்போ (நிரலைச் சேமிக்கும் இடம்), தனி பில்ட், தனி டிப்ளாய் (சர்வரில் ஏற்றுவது). இதற்கே ஒரு வருடத்தின் பெரும்பகுதி போயிற்று. கிளவுட் பில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கானது, ஏனென்றால் முன்பு ஒரே சர்வரில் இருந்தவை இப்போது தனித்தனியாக, ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு பிரதிகளாக ஓட வேண்டும். இந்தச் செலவை முதலிலேயே மேனேஜ்மென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். பின்னால் பிரச்சினை வரும்போது இந்தப் பணமும் சேர்ந்து கேள்வியாக வரும், அப்போது பதில் சொல்வது கஷ்டம்.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் புரியும்.

மருந்துக்கடையில் மாத்திரையை அட்டையாகவும் விற்பார்கள், பிரித்து நாலு, ஐந்து என்றும் கொடுப்பார்கள். எங்கள் ஸ்டாக் கணக்கு ஆரம்பத்தில் இருந்தே அட்டையில்தான் இருந்தது. பதினைந்து மாத்திரை அட்டையில் ஐந்தைப் பிரித்து விற்றால் 0.33 அட்டை கழியும். மூன்று முறை அப்படி விற்று அட்டை காலியானாலும் கணக்கில் 0.01 அட்டை மிச்சம் நிற்கும். இல்லாத மருந்து இருப்பதாகக் காட்டும் இந்தத் துணுக்குகளைப் பற்றிக் கடைக்காரர்கள் பல காலமாகப் புகார் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் ஸ்டாக் டீம் கணக்கை மாத்திரை எண்ணிக்கைக்கு மாற்றியது. நியாயமான மாற்றம்தான். பில் போட்டதும் பில்லிங் பகுதி ஸ்டாக் பகுதிக்கு 'இந்த மருந்தில் இத்தனை கழி' என்று ஒரு செய்தி அனுப்பும். அதில் 'அளவு' என்று ஒரு ஃபீல்டு. இதுவரை அதற்கு அட்டை என்று பொருள், இனிமேல் மாத்திரை என்று பொருள். அதற்கேற்ப பில்லிங்கிலும் மாற்றம் செய்தோம். இரண்டு புதிய பதிப்புகளையும் ஒன்றாக வைத்து க்யூஏ, அதாவது சோதனை டீம், சோதித்தது. எல்லாம் சரி.

ரிலீஸ் அன்று பில்லிங்கின் புதிய பதிப்பில் வேறொரு சிக்கல்: சில பிரின்டர்களில் பில்லின் கடைசி வரி வெட்டுப்பட்டது. பில்லிங்கை நிறுத்திவைத்தார்கள். ஸ்டாக் மட்டும் போகட்டும், இப்போதுதான் தனித்தனியாக ரிலீஸ் செய்ய முடியுமே என்று கூட்டத்தில் முடிவானது. இதற்காகத்தானே ஒரு வருடம் உழைத்தோம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். அப்படியாக, பழைய பில்லிங்கும் புதிய ஸ்டாக்கும் ஜோடி சேர்ந்தன. அந்த ஜோடியை யாரும், எங்கேயும், ஒருமுறைகூட ஓட்டிப் பார்த்ததில்லை.

எந்த எர்ரரும் வரவில்லை. அதுதான் இதில் கொடுமை. பழைய பில்லிங் 'அளவு 2' என்று அனுப்புகிறது, அதற்கு இரண்டு அட்டை. புதிய ஸ்டாக் இரண்டு மாத்திரையைக் கழித்துவிட்டு 'சரி' என்று பதில் அனுப்புகிறது. நடப்பதையெல்லாம் சர்வர் தானாகக் குறித்துவைக்கும் லாக் சுத்தமாக இருக்கிறது. டேஷ்போர்டு பச்சையாக இருக்கிறது. சிரப், ஆயின்ட்மென்ட் மாதிரி ஒற்றைப் பொருட்களில் கணக்கு சரியாகவே ஓடியது, ஏனென்றால் அவற்றில் ஒரு பேக் என்றால் ஒன்றுதான். மாத்திரைகளில் மட்டும் இருப்பு குறையாமல் நின்றது. இருப்பு குறைந்தால் தானாகக் கொள்முதல் ஆர்டர் போகும் வசதியை நம்பி இருந்த கடைகளுக்கு ஆர்டரே போகவில்லை.

முதல் தகவல் திருநெல்வேலிப் பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து வந்தது. சப்போர்ட்டில் இருக்கும் அக்கா அழைப்பை எனக்கு மாற்றிவிட்டார். "தம்பி, சிஸ்டத்துல எட்டு அட்டை காட்டுது. ராக்குல ஒண்ணுகூட இல்ல. சுகர் மாத்திரை கேட்டு வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார் கடைக்காரர். "அண்ணாச்சி, பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்தேன். பார்த்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. ஸ்டாக் டீமின் லீட் முந்தைய வாரம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். மேனேஜர் விடுமுறையில் இருந்தார். ஒரு பில் பில்லிங்கில் ஒரு எண்ணோடும் ஸ்டாக்கில் வேறொரு எண்ணோடும் பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே விற்பனைதான் என்று நேரத்தை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. இரவு முழுக்க இரண்டு திரைகளில் இரண்டு லாக்கையும் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். விடியப் போகிற நேரத்தில்தான் பேக் அளவு பத்து இருந்த பொருளில் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவும், பதினைந்து இருந்த பொருளில் பதினான்கின் மடங்காகவும் வருவதைக் கவனித்தேன். பத்து கழிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கழிந்திருந்தது. அப்போது வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இது ஒரு கடையின் பிரச்சினை இல்லை.

முதலில் தோன்றியது ஸ்டாக்கைப் பழைய பதிப்புக்குத் திருப்புவது. முடியாது. டேட்டாபேஸில் இருந்த இருப்பு முழுவதும் ஏற்கெனவே மாத்திரைக் கணக்குக்கு மாறியிருந்தது. பழைய கோடு (நிரல்) அதைப் படித்தால் 150 மாத்திரையை 150 அட்டை என்று எடுத்துக்கொள்ளும். நிரலைத் திருப்பலாம், அது எழுதிவைத்த தரவைத் திருப்ப முடியாது. இதை எல்லோரும் அறிந்த விஷயம் மாதிரி பேசுகிறோம், ஆனால் ரிலீஸ் செக்லிஸ்டில் 'ரோல்பேக் உண்டு' என்று டிக் அடிக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. இப்போது எங்கள் செக்லிஸ்டில் கேள்வியே வேறு: புதிய பதிப்பு ஒரு நாள் எழுதிய தரவைப் பழைய பதிப்பால் படிக்க முடியுமா? இல்லை என்றால் அந்த ரிலீஸை இரண்டாக உடைக்கிறோம்.

அன்று செய்த தற்காலிக வழி சின்னதுதான். பழைய பில்லிங்கில் இருந்து வரும் செய்தியில் பதிப்பு எண் இருக்காது. எண் இல்லாத செய்தி வந்தால் அளவைப் பேக் அளவால் பெருக்கிக்கொள் என்று ஸ்டாக்கின் வாசலிலேயே சில வரி சேர்த்தோம். ஒழுகுவது நின்றது. ஆனால் அதற்குள் கெட்டுப்போன இருப்புக் கணக்கைச் சரிசெய்யத்தான் வாரக்கணக்கில் ஆயிற்று. லாக்கில் இருந்து ஒவ்வொரு விற்பனையையும் எடுத்து விடுபட்டதைக் கழித்தால் போதும் என்று நினைத்தோம். சில கடைக்காரர்கள் அதற்குள் ராக்கை எண்ணிப் பார்த்து இருப்பைக் கையால் திருத்தியிருந்தார்கள். அவர்களுக்கு நாங்களும் கழித்தால் இருமுறை கழிந்துவிடும். கையால் திருத்திய கடை எது, பாதி மட்டும் திருத்திய கடை எது என்று ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. 2024 தீபாவளிக்கு ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன். சப்போர்ட் டீமில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட கடைகளுக்கு ஒரு மாதச் சந்தாவை கம்பெனி வேண்டாமென்று விட்டது. சில கடைகள் அதற்குப் பிறகும் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புவது அவர்கள்தானே.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டதில் பெரியது இதுதான். சோதனையில் எந்த ஜோடி ஓடியதோ அந்த ஜோடிதான் வெளியே போகலாம். இரண்டு பகுதியின் புதிய பதிப்புகளை ஒன்றாகச் சோதித்தால், அவற்றை ஒன்றாக ரிலீஸ் செய்யும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. தனியாக அனுப்ப வேண்டுமென்றால், இப்போது கடைகள் நிஜமாகப் பயன்படுத்தும் சூழலான ப்ரொடக்‌ஷனில் இருக்கும் மற்றப் பகுதிகளோடு புதியதை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எங்களிடம் பொதுவாக ஒரே ஒரு ஸ்டேஜிங் (வெளியிடும் முன் சோதிக்கும் சூழல்) இருந்தது, எல்லா டீமும் தங்கள் அரைகுறைப் பதிப்பை அதில் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே பாஸ் ஆவது எதையும் நிரூபிக்காது. இப்போது ப்ரொடக்‌ஷனில் இருக்கும் பதிப்புகளை மட்டுமே வைத்து ஒரு சூழல் வைத்திருக்கிறோம், அதில் ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான் மாறும். சோதனைத் தரவையும் மாற்றினோம். முன்பு அதில் இருந்த பொருட்கள் பெரும்பாலும் பேக் அளவு ஒன்று என்று வைத்தவை. பத்து, பதினைந்து, முப்பது என்று உண்மையான கடையில் இருப்பது போலவே இப்போது வைத்திருக்கிறோம்.

அடுத்தது, இருக்கும் ஃபீல்டின் பொருளை ஒருபோதும் மாற்றாதீர்கள். பெயரை மாற்றினால்கூட ஏதாவது உடைந்து சத்தம் போடும், பொருளை மாற்றினால் சத்தமே வராது. 'மாத்திரை எண்ணிக்கை' என்று புதிய ஃபீல்டு ஒன்றைச் சேர்த்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. முறை இப்படி இருக்கட்டும்: முதலில் ஸ்டாக் பழைய ஃபீல்டையும் புதிய ஃபீல்டையும் ஏற்கக் கற்றுக்கொண்டு வெளியே போகிறது. பிறகு பில்லிங் புதிய ஃபீல்டை அனுப்பத் தொடங்குகிறது. பழையதை இனி யாரும் அனுப்பவில்லை என்று லாக்கில் உறுதியான பிறகுதான் அதை நீக்குகிறோம். ஒரு மாற்றம் மூன்று ரிலீஸ் ஆகிறது. கேட்கும்போது வேலை கூடுவதாகத் தோன்றும். ஆனால் மூன்றில் எதையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எதற்கும் இன்னொரு டீமைக் கையோடு கூட்டிப் போக வேண்டாம். மூன்றாவது படியை மட்டும் மறக்கவிடாதீர்கள். ஆளாளுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள், பழைய ஃபீல்டு வருடக்கணக்கில் கிடக்கும். நீக்கும் வேலைக்கு முதல் நாளிலேயே வேலைப் பட்டியலில் ஒரு டிக்கெட்டும் ஒரு பொறுப்பாளரும் வைத்துவிடுகிறோம்.

டேட்டாபேஸ் விஷயத்திலும் இதே கதைதான். இரண்டு பகுதிகள் ஒரே டேபிளைத் தொட்டால், ரெப்போ எத்தனை இருந்தாலும் அவை ஒரே பகுதிதான். டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றும் ஒரு வரி எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கட்டளை) போதும், இரண்டும் ஒன்றாக விழும். ஒரே பகுதிக்குள்கூட, டிப்ளாய் நடக்கும் சில நிமிடங்களுக்குப் பழைய பிரதியும் புதிய பிரதியும் அதே டேபிளைப் படித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் கடையில் பில் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

கான்ட்ராக்ட் டெஸ்ட் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்திருந்தாலும், அதைப் பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்றே எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்தோம். பேக்ட் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. பில்லிங் டீம் 'நான் இப்படி அனுப்புவேன், நீ இப்படிப் பதில் தர வேண்டும்' என்று தன் எதிர்பார்ப்பை எழுதிவைக்கும். அது ஸ்டாக் டீமின் பில்டில் ஓடும். ஸ்டாக்கில் ஒருவர் அதை உடைத்தால் அவருடைய திரையிலேயே சிவப்பு வரும், எங்கள் கடைக்காரரின் போன் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஃபீல்டு இருக்கிறதா, எண்ணாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் எங்களைக் காப்பாற்றியிருக்காது. 'பத்து மாத்திரை அட்டையில் இரண்டு அட்டை விற்றால் இருப்பு இருபது மாத்திரை குறைய வேண்டும்' என்பது வரை போகிற டெஸ்டையும் எழுதுங்கள். இதைப் பேக்டில் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை, எங்காவது இருந்தால் சரி.

லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கவுண்டரில் பில் தொடங்கும்போதே ஒரு அடையாள எண் பிறந்து, அந்த விற்பனை தொடும் ஒவ்வொரு பகுதியின் லாக்கிலும் அதே எண் பதிவாக வேண்டும். கூடவே அந்தப் பகுதியின் பதிப்பு எண்ணும். பகுதிகளைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது, பிரித்த பின் அல்ல. நான் அந்த இரவு செய்த வேலை அத்தனையும் இந்த ஒரு எண் இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். சப்போர்ட் டீமுக்கும் இது தேவை. கடைக்காரருக்கு அது ஒரே மென்பொருள்தான், எந்தப் பகுதி எப்போது மாறியது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் போன் எடுப்பவருக்குத் தெரிய வேண்டும். இப்போது ஒவ்வொரு சின்ன ரிலீஸும் சப்போர்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வரித் தமிழில் போகிறது: என்ன மாறியது, என்ன புகார் வரலாம்.

டிப்ளாய் வேறு, ரிலீஸ் வேறு என்பதையும் இந்தச் சமயத்தில்தான் நிஜமாகப் புரிந்துகொண்டோம். கோடு சர்வரில் போய் உட்காரலாம், ஆனால் அந்த வசதியை இயக்கும் ஸ்விட்ச் அணைந்தே இருக்கலாம். முதலில் ஐந்து கடைக்குத் திறந்து பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் திறக்கலாம். இந்த ஸ்விட்ச்களிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று 45 நிமிடத்தில் சுமார் 44 கோடி டாலரை இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய கோடு போகவில்லை. பழைய, கைவிடப்பட்ட ஒரு வசதிக்கு இருந்த ஸ்விட்சையே புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் அந்த ஒரு சர்வரில் பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர்களாக அனுப்பித் தள்ளியது. அந்தச் செய்தியை முன்பும் படித்திருக்கிறேன். எங்கள் 'அளவு' ஃபீல்டுக்குப் பிறகு மறுபடி படித்தபோதுதான் அதுவும் ஒரே பெயருக்கு இரண்டு பொருள் இருந்த கதை என்று உறைத்தது. வேலை முடிந்த ஸ்விட்சை நீக்கிவிடுங்கள், பெயரை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் பிரித்தது நல்லது என்கிறேன்? 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி வரி அடுக்குகளை மாற்றியது. பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆனது, 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்றானது. அமலுக்கு வரும் நாள் செப்டம்பர் 22. மூன்று வாரம்கூட இல்லை. பழைய முறையில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் பாதியில் நின்ற கொள்முதல் வேலையையும் ரிப்போர்ட் வேலையையும் அவசர அவசரமாக முடித்து எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளியிருப்போம். இந்த முறை வரிப் பகுதி மட்டும் போனது. புதிய விகிதங்களை 'எந்தத் தேதியில் இருந்து' என்ற குறிப்போடு ஒரு வாரத்துக்கு முன்பே ஏற்றிவிட்டோம். 21-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் பில் தேதியைப் பார்த்து அது தானாக மாறிக்கொண்டது. அன்று இரவு யாரும் எதையும் டிப்ளாய் செய்யவில்லை.

மறுநாளே ஒரு சிக்கல் வந்தது. முந்தைய வாரம் வாங்கிய மருந்தைத் திருப்பிக் கொடுக்க வருபவர்களுக்கு, அவர்கள் கொடுத்த 12 சதவீதத்திலேயே வரியைத் திருப்ப வேண்டும். எங்கள் கணக்கு ஒரு வகையான ரிட்டர்னில் மட்டும் அன்றைய தேதியைப் பார்த்து 5 போட்டது. மதியம் புகார் வந்தது, ப்ரொடக்‌ஷனில் இருந்த அதே பில்லிங்கோடு சோதித்துவிட்டு மாலைக்குள் வரிப் பகுதியை மறுபடி அனுப்பினோம். கடைகளில் யாரும் கவுண்டர் அப்ளிகேஷனை மூடித் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு அதனால்தான் வரியைக் காட்டுகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரிக்க வேண்டியதில்லை. உங்கள் மென்பொருளில் மற்றவற்றின் வேகத்துக்குக் கட்டுப்படாத ஒன்று இருக்கும், அதன் தேதியை வெளியில் யாரோ முடிவு செய்வார்கள். அதை முதலில் பிரியுங்கள், ஒரு வருடம் அதோடு வாழ்ந்து பாருங்கள். எங்கள் ரிப்போர்ட் பகுதி இன்னும் ஸ்டாக்கின் டேபிள்களை நேராகத்தான் படிக்கிறது. அதனால் ஸ்டாக் போகும்போது அதுவும் கூடவே போகிறது, இரண்டையும் சேர்த்தே சோதிக்கிறோம், சேர்த்தே அனுப்புகிறோம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு ஒன்று தாண்டட்டும், அதற்குப் பிறகு அதைத் தொடலாம் என்று விட்டிருக்கிறோம்.